கொஃப்த்காரி குத்துவாள்: தங்கம் உதிராமல் துரு எடுப்பது

முகலாய கன்ஜர் குத்துவாளோ பாரசீக கார்டு கத்தியோ, துருவில் கை வைக்கும் முன் அதிலிருக்கும் தங்க வேலை எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். தங்கம் தேய்ந்த இடத்தில் 10 மடங்கு லென்ஸை வையுங்கள். எஃகில் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் கொஃப்த்காரி. உதய்ப்பூரும் சியால்கோட்டும் இதற்குப் பேர்போனவை. அந்தச் சொரசொரப்பில் தங்கக் கம்பியை அடித்துப் பதித்து, வழவழப்பான கல்லால் தேய்த்திருப்பார்கள். பசை கிடையாது, கீறல்களின் பிடிதான் எல்லாம். கீறலுக்குப் பதில் ஆழமான பள்ளம் இருந்தால் தஹ்னிஷான், அதாவது பள்ளம் வெட்டித் தங்கம் பதிக்கும் முறை; அதில் தங்கம் லேசில் விடாது. இரண்டும் இல்லையென்றால் முலாம்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். தங்கத்துக்கு அடியில் பரவினால் தங்கத்தைத் தூக்கிவிடும். அங்கே சுரண்டினால் பூவேலையே கையோடு வந்துவிடும். குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளி, எலுமிச்சை, வினிகர் போடவே கூடாது. அமிலம் தங்கத்தை விட்டுவிட்டு அடியிலுள்ள எஃகை அரிக்கும்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, துருவின்மேல் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி வைத்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால், லென்ஸில் பார்த்தபடியே, தங்கத்தின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். உள்நோக்கித் தள்ளினால் விளிம்பு மடங்கிப் பிய்யும். பஞ்சால் ஒற்றி எடுத்து, மீண்டும் எண்ணெய். நான்கைந்து நாள் ஆகட்டும். தங்கத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய பழுப்பை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. அலகில் ஜௌஹர், அதாவது எஃகிலேயே ஓடும் நீரலை போன்ற கோலம், தெரிந்தால் உப்புத்தாளோ எஃகுக் கம்பளியோ படக்கூடாது, கோலம் மங்கிவிடும்.

கைப்பிடியில் கூடுதல் கவனம் வேண்டும். பல பிடிகளுக்குள் அலகின் வால் அரக்கில்தான் நிற்கிறது. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், வெந்நீர் இளக்கும். குந்தன் முறையில் தங்கத்தில் பதித்த கற்களுக்கு அடியில் பளபளப்புக்காக வைத்த தகடு, ஈரம் புகுந்தால் கறுத்து, சிவப்புக் கல் செத்த நிறமாகிவிடும். அதனால் காய்ந்த, மென்மையான தூரிகை மட்டும் போதும். பிடி ஆடினாலும் சூப்பர் குளூ ஊற்றாதீர்கள். பிறகு பிரித்துச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

அலகில் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லிசாகத் தடவுங்கள். தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள்: தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதன் அமிலமும் எஃகைத் தின்னும். உறை தனியே, அலகு தனியே, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை. கடலோர ஊர் என்றால் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.