வழவழப்பான வட்டெல்லாம் நாணய வில்லை அல்ல

இரண்டு பக்கமும் மொழுக்கென்று, எழுத்தோ உருவமோ இல்லாத உலோக வட்டு ஒன்று கையில் சிக்கினால் மனசு கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். நாணயச்சாலையில் அச்சுக்குத் தப்பி வெளியே வந்த வெற்று வில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு அந்த அவசரம்தான். தேய்ந்துபோன காசு, யாரோ அரம் போட்டு ராவிய காசு, அமிலத்தில் ஊறிய காசு, மின்இணைப்புப் பெட்டியில் துளைக்காகத் தட்டியெடுத்த இரும்புத் துண்டு எல்லாமே பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

வில்லை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நீண்ட உலோகப் பட்டையிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கிறார்கள். அப்போது விளிம்பு தட்டையாக இருக்கும். உலையில் சூடாக்கி இளக்கி, கழுவி, இயந்திரத்தில் உருட்டி விளிம்பைச் சற்றே மேடாக எழுப்புவார்கள். மேடு இல்லாததை முதல் வகை என்றும், இருப்பதை இரண்டாம் வகை என்றும் சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். விளிம்பு எழவில்லையே, இது போலிதான் என்று முதல் வகையைத் தூக்கிப்போடுகிறவர்களும் உண்டு.

விட்டத்தை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அச்சு அழுத்தும்போது உலோகம் பிதுங்கிச் சுற்றியுள்ள வளையத்தை நிரப்பும். அதனால் விளிம்பு எழுப்பிய வில்லை, முடிந்த நாணயத்தைவிட ஒரு துளி சிறியதாகவே இருக்கும். எடைதான் நம்பகமான சாட்சி. அச்சடிப்பதில் உலோகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ராவியதும் அமிலத்தில் ஊறியதும் இளைத்துப்போயிருக்கும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு போதாது. ஒரே மதிப்புள்ள நாணயத்துக்கும் எடை மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் ஒரு சென்ட் 1982-க்கு முன் பல ஆண்டுகள் 3.11 கிராம், அந்த ஆண்டில்தான் செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறி 2.5 கிராம் ஆனது.

பிறை வடிவில் விளிம்பு வெட்டுப்பட்ட நாணயங்களில் ஏமாறுகிறவர்கள் இன்னும் அதிகம். பட்டை போதுமான அளவு நகராமல் போனால், வெட்டும் கருவி முந்தைய துளையின் மேலேயே ஓரமாக விழும். வெட்டும்போதே உண்டான அசல் பிறை அது. அப்படிப்பட்ட வில்லை விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் உருளும்போது, வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அங்கே விளிம்பு மங்கியிருக்கும். முழுக் காசைப் பிறகு கத்தரித்துப் போலிப் பிறை செய்த ஆள் இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது பெரிய தவறு.

காந்தத்தையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். 1943-ல் அமெரிக்கா சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. மிஞ்சிக் கிடந்த பழைய செம்பு வில்லைகள் சில மட்டும் அச்சுக்குள் போய்விட்டன. அந்த அரியவற்றுக்குப் போலியாக, எஃகுக் காசுக்குச் செம்பு பூசுகிறார்கள். காந்தம் இதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1948-ன் எட்டை ராவி மூன்றாக்கியிருந்தால்? அதுவும் செம்புக் காசுதான், காந்தம் சும்மா இருக்கும். ஆண்டு எண்ணை உருப்பெருக்கியில் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், தேய்த்துப் பளபளக்க வைக்கும் ஆசை. வெற்று வில்லையில் சின்னச் சின்னக் கீறல்கள் இருப்பது இயல்பு. ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி வந்தவை அவை. உலைச் சூட்டின் நிறக்கறையும் இருக்கலாம். பாலிஷ் போட்டால் அந்தச் சான்று அத்தனையும் போய்விடும். மெத்தென்ற பிவிசி உறையிலும் வைக்க வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

விற்கிறவர் நாட்டுப் பெயரோடு ஆண்டையும் சேர்த்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வில்லையில் அது எழுதியிருக்காது.