பழைய 911-இன் எடையைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே, பழைய போர்ஷே 911 கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் காரை ஷெட்டில் நிறுத்தி, கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, பனி விலகியதும் ஓட்டிக்கொண்டு வந்து “எத்தனை கிலோ குறைத்திருக்கிறேன் தெரியுமா?” என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிறவற்றில் பாதி, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்தவைதான். தொடங்குமுன் எடை போட்டுப் பார்க்காமல் விடுவது, விளம்பரத்தில் போட்டிருக்கும் பாக எடையை அப்படியே நம்புவது போன்ற, ஒருமுறை பட்டாலே தெளிந்துவிடுகிற சறுக்கல்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தவறு மட்டும் இத்தனை காலத்துக்குப் பிறகும் எரிச்சலைக் கிளப்புகிறது. அதை முதலில், சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கழற்ற எளிது என்பதற்காக முன்பக்கத்தைக் காலிசெய்வது

911-இன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின் சக்கரங்களின் மேலும், 40 விழுக்காடு முன் சக்கரங்களின் மேலும் இறங்குகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரே பிற்பகலில் கழற்றிவிடக்கூடியவை எவை என்று பாருங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை, பேட்டரி, முன் பம்பர், ஏசி கண்டென்சர், முன்மூடி, அதன் அடியிலுள்ள கம்பளம். அத்தனையும் முன்பக்கம். பின்னால் கனமாக இருப்பவை எஞ்சினும் கியர்பாக்ஸும் சைலன்சரும்; அவற்றில் கை வைக்கத் துணிச்சலும் வேண்டும், பணமும் வேண்டும். ஆகவே, எளிதானதை மட்டும் செய்கிறவரின் கார் தவறான முனையிலேயே லேசாகிறது.

போர்ஷே தொழிற்சாலை என்ன செய்தது என்பதைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். 1960-களின் நடுவில் வந்த முதல் 911-கள் வளைவில் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும் பழக்கம் உள்ளவையாக இருந்ததால், முன் பம்பரின் இரு மூலைகளுக்குள்ளும் கனமான உலோகக் கட்டிகளை வைத்து முன்பக்கத்தை அழுத்தினார்கள். எடைக்கு இவ்வளவு அஞ்சிய ஒரு நிறுவனம் தானே எடையைச் சேர்த்தது என்றால், சிக்கல் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 2,211-இலிருந்து 2,268 மில்லிமீட்டராக்கினார்கள். ஒரே பேட்டரியை எடுத்துவிட்டு, இரு முன் ஃபெண்டர்களுக்குள்ளும் ஒவ்வொரு பேட்டரியை வைத்தார்கள். அதே காலத்தில் எஞ்சினின் கூடான கிராங்க்கேஸை அலுமினியத்திலிருந்து மக்னீசியத்துக்கு மாற்றிப் பின்னாலிருந்து ஏறக்குறைய 10 கிலோவைக் குறைத்தார்கள். முன்னால் சேர்த்தார்கள், பின்னால் குறைத்தார்கள். நம்மவர்கள் அதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுவது 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட 911 வகையான கரேரா ஆர்எஸ் 2.7-ஐத்தான். அதன் இலகு வடிவம் 960 கிலோ. சொகுசு வடிவம் 1,075 கிலோ. பின் இருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு நாடா, மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி என்று இல்லாதவற்றின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இருந்தவற்றின் பட்டியலை யாரும் சொல்வதில்லை. சாலைக்கு விற்கப்பட்ட 911-களில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட அகலமாக வந்தது அந்தக் காரில்தான் முதன்முறை: முன்னால் 6 அங்குலம், பின்னால் 7. எஞ்சின் மூடியின் மேல் இருந்த ‘வாத்து வால்’ அழகுக்காக வைத்ததும் அன்று. வேகத்தில் பின்பக்கம் மேலெழுவதைக் குறைக்க வைத்தது. எடை குறைந்த காரைச் சாலையில் பிடித்து நிறுத்துவதற்கான வேலையும் கூடவே நடந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் 1982-ஆம் ஆண்டு 911 எஸ்சி, லாரியில் ஏறி எங்களிடம் வந்தது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது 1,160 கிலோ இருந்த கார். அதில் அவர் ஃபைபர் கிளாஸ் முன் பம்பரும் முன்மூடியும் பொருத்தி, லித்தியம் பேட்டரி வைத்து, முன்பக்க ஏசி பாகங்கள், ஸ்டெப்னி, ஜாக்கி முதலியவற்றை நீக்கியிருந்தார். 100 கிலோ குறைத்ததைப் பெருமையாகச் சொன்னார்; ஸ்டீயரிங்கூடப் புதுக் கார்போல மென்மையாகிவிட்டது என்றார். அந்த மென்மைதான் எச்சரிக்கை என்பது அவருக்குத் தெரியவில்லை. கருங்காட்டின் பி500 மலைச்சாலையில், மழையில், இறக்கத்து வளைவு ஒன்றில் பிரேக்கை மிதித்தபோது முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நேராக வழுக்கியிருக்கின்றன. பதறிப்போய்க் காலை எடுத்ததும் முன்பக்கம் திடீரென்று பிடித்து, பின்பக்கம் சுழன்று தடுப்புக் கம்பியில் மோதியிருக்கிறது. இடது பின் ஃபெண்டர் நசுங்கி, சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் கையான ட்ரெய்லிங் ஆர்ம் விரிசல் விட்டிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மோதலின் சேதத்தைச் சரிசெய்தபின் நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் ஏற்றினோம். முன்னால் 384 கிலோ, பின்னால் 676. அதாவது முன்பக்கத்தின் பங்கு 36 விழுக்காடு. அவர் காரைத் தராசில் ஏற்றாமலே 100 கிலோ என்று சரியாகத்தான் கணக்கிட்டிருந்தார். அதில் 80 கிலோ முன் சக்கரங்களிலிருந்து போயிருந்தது என்பதைத்தான் கணக்கிடவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும் பொருளைக் கழற்றினால், அதன் எடையைவிடக் கூடுதலாகவே முன் சக்கரங்கள் இழக்கின்றன. கிணற்றுத் துலாவைப்போல ஒரு முனை எழும்பும்போது மறுமுனை தாழ்கிறது. 15 கிலோ ஸ்டெப்னி முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 2.27 மீட்டர். ஸ்டெப்னியை எடுத்ததும் முன் சக்கரங்கள் 18.3 கிலோவை இழக்கின்றன. பின் சக்கரங்கள் மேல் 3.3 கிலோ கூடுகிறது. எந்த முனையை லேசாக்க வேண்டுமோ அது இன்னும் கனமாகிறது. இதே கணக்கு பின்பக்கத்தில் நமக்குச் சாதகமாக வேலை செய்யும்: பின் அச்சுக்கு 0.7 மீட்டர் பின்னால் தொங்கும் சைலன்சரில் 10 கிலோ குறைத்தால், முன் சக்கரங்கள் மேல் 3 கிலோ தானாகவே வந்து சேருகிறது.

ஆகவே நான் வலியுறுத்தும் வரிசை இதுதான். முதலில் பின்பக்கம்: சைலன்சர், பின் பம்பர், எஞ்சின் மூடி, ஏசியே வேண்டாம் என்றால் எஞ்சினோடு இருக்கும் கம்ப்ரஸர். அடுத்து நடுப்பகுதி, மின்மோட்டார் வைத்த பழைய இருக்கைகளை இலகுவான பக்கெட் இருக்கைகளாக மாற்றுவது சமநிலையை அதிகம் கெடுக்காமல் நல்ல பலன் தருகிறது. பிறகு உயரத்தில் இருப்பவை. சன்ரூஃப் இல்லாத காரைத் தேடி வாங்குவது, பிற்பாடு செய்யும் பல வேலைகளைவிட மேல். முன்பக்கத்தைத் தராசு அனுமதித்தால் மட்டும், கடைசியில் தொடுங்கள். எக்ஸாஸ்ட்டில் கை வைக்கும்போது வெப்பப் பரிமாற்றிகளை விட்டுவைக்க வேண்டும். காருக்குள் வரும் சூடும் முன் கண்ணாடியின் பனிமூட்டத்தை விலக்கும் காற்றும் அவற்றிலிருந்துதான் வருகின்றன.

அந்த எஸ்சியில் சாதாரண பேட்டரியும் பழைய பம்பரும் ஸ்டெப்னியும் திரும்பி வந்தன. பின்னால் சைலன்சரும் பம்பரும் இலகுவாயின. மொத்த எடை 20 கிலோ கூடி 1,080 ஆனது, முன்பக்கத்தின் பங்கு 40 விழுக்காட்டுக்குத் திரும்பியது. எடை கூடிய அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர், இது முன்பைவிட வேகமாகத் திரும்புகிறது என்றார். மொத்தச் செலவை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எடை போனபின் உயரத்தைச் சரிசெய்யாமல் விடுவது

எடை குறைந்ததும் கார் எழும்பி நிற்கும். 911-இன் பின் சஸ்பென்ஷனில் கார் எழும்பினால் சக்கரத்தின் மேல்விளிம்பு வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். வளைவில் டயர் தரையைப் பிடிக்கும் பரப்பு சுருங்கும். 1989 வரை வந்த கார்களில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கத்தால் ஸ்பிரிங்போல வேலை செய்யும் தண்டான டார்ஷன் பார்தான். பின் டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருக்கின்றன. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை, வெளியே எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் 8.18 பாகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.82 பாகையே நமக்குக் கிடைக்கும் மிக நுண்ணிய அளவு. பற்களில் குறியிடாமல் பாரை உருவிவிட்டு, பழைய இடம் எது என்று தெரியாமல் நள்ளிரவில் தொலைபேசியில் அழைப்பவர்கள் உண்டு. உருவுமுன் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தரையின் தார்ப் பூச்சைச் சுரண்டுவது

சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார்த் தகடுகளை ஹீட் கன்னால் சூடாக்கி, ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுக்கிறார்கள். 1976 மாடலிலிருந்து 911-இன் எஃகுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. கார் இத்தனை ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்கே அதுதான் காரணம். நோண்டும் ஒவ்வொரு கீறலும் அந்தப் பூச்சைத் தாண்டி எஃகைத் தொடுகிறது. உலர் பனிக்கட்டியை வாங்கித் தகட்டின் மேல் பரப்பிச் சற்றுக் காத்திருங்கள். −78 பாகைக் குளிரில் தார் கண்ணாடிபோல இறுகிவிடும், மரச் சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள், ஏனெனில் அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு தாழ்வாகத் தேங்கி நிற்கும்.

சக்கரத்தை மாற்றுவது

பழைய 911-களில் வந்த ஃபுக்ஸ் சக்கரம் வார்த்ததன்று, அடித்து உருவாக்கிய அலுமினியம். ஏற்கெனவே இலகுவானது. அதைக் கழற்றிவிட்டு, பார்வைக்காக 17 அங்குலத்துக்குப் போகிறவர்கள் உள்ளே 40 கிலோவைக் குறைத்துவிட்டு, மிக மோசமான இடமான சக்கரத்தில் எடையைக் கூட்டுகிறார்கள்.

ஃபைபர் கிளாஸ் மூடியில் பழைய கேஸ் தாங்கிகள்

எஃகு மூடியைத் தாங்குவதற்கான கேஸ் தாங்கிகளை அப்படியே விட்டால், இலகுவான மூடியை அவை கீல் பக்கம் வளைத்துவிடும். தாங்கிகளைக் கழற்றிவிட்டு ஒரு குச்சியால் முட்டுக்கொடுங்கள். மூடி காற்றில் எழாமலிருக்க வெளிப்பூட்டு முளைகளும் போடுங்கள்.

இலகுவான ஃப்ளைவீல்

எஞ்சினைச் சீராகச் சுழல வைக்கும் கனமான வட்டுதான் ஃப்ளைவீல். கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர எரிபொருள் செலுத்து அமைப்பு உள்ள சாலைக் காருக்கு இலகுவானது வேண்டாம். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அணைந்துபோகும்.

துளை போட்டு எடை குறைப்பது

வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பாகங்களைத் தூக்கிப்போடுவது

பெட்டியில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

எண்பலகையை மறப்பது

ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து, அசல் நிலையில் இருக்கும் கார்களுக்கு ‘எச்’ எழுத்துப் பலகை கிடைக்கிறது. ஆண்டு வரி 191.73 யூரோவோடு முடிந்துவிடும். மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையாக இருந்தால்தான் அந்தப் பலகை நிலைக்கும். இருக்கை, பம்பர், பாலிகார்பனேட் பக்கக் கண்ணாடி ஆகியவற்றை வாங்குமுன் பரிசோதகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பொருத்திய பிறகு கேட்பவர்களிடம் பரிசோதகர்களுக்குப் பொறுமை குறைவு.