வயல் மண்ணுல ஜிங்க் பாக்க லேசர் அடிக்கப் போறீங்களா

ஜிங்க், அதான் துத்தநாகம், மண்ணுல எவ்வளவு இருக்குன்னு லேசர் வச்சி பாக்கிற முறைக்கு பேரு லிப்ஸ் (LIBS). வேற ஒண்ணுமில்ல, மண்ணை வில்லையா அழுத்தி ஒரு புள்ளில லேசர் அடிச்சா அங்க ஒரு குட்டி பிளாஸ்மா, அதாவது பயங்கர சூடான மின்னூட்ட வாயு, கெளம்பும், அது ஆறுற நேரத்துல ஒவ்வொரு தனிமமும் அதுக்குன்னு உள்ள அலைநீளத்துல ஒளி விடும், அதைத்தான் ஒளிய அலைநீளம் வாரியா பிரிச்சி காட்டுற ஸ்பெக்ட்ரோமீட்டர்ல புடிக்கிறோம். மெஷின்ல சின்ன தப்பு நடந்தா சமாளிச்சிடலாம், மண்ணு எடுக்கிறதுல நடந்தா முடியாது, அதனால மண்ணுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

மன்னார்குடி பக்கம்னா அறுவடை முடிஞ்சி வயல் காஞ்சி கெடக்கும்போதே எடுத்துடுங்க, ஜூன் 12 மேட்டூர் தொறந்து குறுவைக்கு சேறடிச்சிட்டா பெரிய ரோதனை. ஜிங்க் சல்பேட் உரம் போட்ட கையோட எடுக்காதீங்க. தகர வாளி வேண்டவே வேண்டாம், அதுமேல இருக்கிறதே ஜிங்க் பூச்சுதான், பிளாஸ்டிக் வாளி போதும். நான் ஒரு தடவ அவசரத்துக்கு வீட்டு பித்தளை உரல்ல இடிச்சிட்டேன், பித்தளையிலயும் ஜிங்க் இருக்கே, எல்லா வயலும் ஜிங்க் சுரங்கமா தெரிஞ்சிது! அகேட்ங்கிற கெட்டிக் கல்லுல செஞ்ச உரல்தான் சரி. நம்ம களிமண்ணு கட்டி கட்டியா காயும், 105 டிகிரில ஓவன்ல வச்சி மாவு மாதிரி அரைச்சி சலிச்சி, அப்புறம் பிரஸ்ல அழுத்துங்க. ஈரம் இருந்தா வில்லை வெடிச்சிடும், ரீடிங்கும் ஆடும்.

1064 நானோமீட்டர் லேசர் கண்ணுக்கே தெரியாது, அதுக்குன்னு உள்ள கண்ணாடி போடாம ரூமுக்குள்ள போகாதீங்க. முதல் நாலஞ்சு அடிய தள்ளிட்டு, இடம் மாத்தி மாத்தி அடிச்சி சராசரி எடுங்க. அடிச்ச உடனே வர்றது வெறும் வெள்ளை வெளிச்சம், ஒரு மைக்ரோ செகண்ட் கிட்ட பொறுத்து ஸ்பெக்ட்ரோமீட்டர் ஷட்டர தொறந்தாதான் ஒவ்வொரு தனிமத்தோட ஒளிக்கோடும் தெளிவா தெரியும்.

ஜிங்க்குக்கு 213.86 நானோமீட்டர் நல்ல பலமான கோடுதான், ஆனா அதே இடத்துல இரும்புக்கும் ஒரு கோடு இருக்கு, நம்ம மண்ணுல இரும்புக்கு பஞ்சமா என்ன, அதனால 481.05-யும் சேத்து பாருங்க, அது மங்கல், கம்மியா இருந்தா தெரியாமலே போவலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒளி ஏறி இறங்குறத சமாளிக்க, ஜிங்க் கோட்டோட அளவ பக்கத்துல இருக்கிற சிலிக்கான் 212.41 கோட்டோட அளவால வகுத்துக்கோங்க.

எங்கேயோ எடுத்த மண்ணுல போட்ட காலிபிரேஷன், அதாவது ஒளி அளவ ஜிங்க் அளவா மாத்துற கணக்கு, நம்ம மண்ணுக்கு ஒத்து வராது. சுத்தமான ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 440 மில்லிகிராம 100 மில்லி தண்ணில கரைச்சா மில்லிக்கு 1 மில்லிகிராம் ஜிங்க். 10 கிராம் மண்ணுக்கு 1 மில்லி விட்டா 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) கூடும். இப்படி கரைசலே விடாம ஒரு மண்ணு, அரை மில்லி, 1 மில்லி, 2 மில்லி விட்டு மூணு மண்ணுன்னு நாலு எடுத்து, காயவச்சி மறுபடி அரைச்சி வில்லை போடுங்க. பின்னணி வெளிச்சத்த கழிச்சிட்டு, கூட்டுன பிபிஎம் கிடை அச்சுல, ஒளி அளவு செங்குத்து அச்சுல வச்சி கிராஃப்ல நேர்கோடு போட்டு பின்னாடி நீட்டுனா, கிடை அச்ச பூஜ்யத்துக்கு இடதுபக்கம் எங்க வெட்டுதோ அந்த அளவுதான் மண்ணுல ஏற்கனவே இருந்தது.

வர்றது மொத்த ஜிங்க். நாத்துக்கு கெடைக்கிறது அதுல ஒரு துளிதான், தண்ணி நிக்கிற வயல்ல இன்னும் கம்மி. உரம் எவ்வளவு போடலாம்னு கேட்டு வர்ற மாமாவுக்கு இந்த நம்பர குடுத்துடாதீங்க, அதுக்கு பயிருக்கு கெடைக்கிற ஜிங்க்க மட்டும் டிடிபிஏ (DTPA)ங்கிற ரசாயனக் கரைசல்ல பிரிச்சி எடுக்கிற டெஸ்டுதான்.