சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள் சொல்லும் வழி

2021 ஜூலையில் எங்கள் வீட்டு முருகன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பதினேழு நாள் அப்படியே இருந்தது. ஆகவே இதைப் பழுத்த பக்தை ஒருத்தியின் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் நாலு தேவாரமும் சொல்லிக்கொடுக்கிற வயதானவள் நான், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு தாய், கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் மகன் பெயர் வந்த அன்று என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இன்னும் எப்படி விளக்கேற்றுகிறீர்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. யோசித்து எழுதியது இது.

அந்த ஜூலையில் இங்கே இருந்தவர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் பலர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொரோனாவின் மூன்றாம் அலை வந்தது. ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஜனங்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள். சோறு இல்லாத வீட்டில் வெள்ளைத் துணி, மருந்து வேண்டிய வீட்டில் மஞ்சள் துணி தொங்கவிட்டால் யாராவது உதவிக்கு வருவார்கள் என்று தெருவுக்குத் தெரு ஓர் ஏற்பாடு. எங்கள் வீட்டில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? தைப்பூசத்துக்கு நான் கட்டுகிற சேலையின் முந்தானையைக் கிழித்துக் கம்பியில் கட்டினேன்.

மூன்று தெரு தள்ளி ஒரு முஸ்லிம் வீட்டில் தகப்பனார் இறந்துவிட்டார். மிச்சமிருந்த அரை சிலிண்டரை அந்த வீட்டுப் பையன் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு இரவில் அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மூன்றாம் இரவு என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

விடியற்காலையில்தான் படத்தைத் திருப்பினேன்.

இனி வழிக்கு வருகிறேன்.

முதலில் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் வைத்த தீட்டு என்ற ஏற்பாட்டை இளவயதில் நான் ஏளனம் செய்திருக்கிறேன். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சாமி விளக்கு ஏற்றக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்பார்கள். துக்கத்தில் இருப்பவளுக்கல்லவா சாமி வேண்டும், அவளைத் தள்ளி வைப்பது என்ன நியாயம் என்று கேட்பேன். எனக்கே வந்தபோதுதான் புரிந்தது. அந்தப் பதினாறு நாளில் யாராவது என்னைக் கைகூப்பச் சொல்லியிருந்தால் நான் கோயிலையே கொளுத்தியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. வழக்கமே என்னைக் கும்பிட வேண்டாம் என்றது. வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, எனக்கு அது சாமியிடமிருந்து கிடைத்த சம்பளத்துடன் கூடிய விடுமுறை.

ஆனால் விடுமுறைக்குத் திரும்பும் தேதி உண்டு. நெருக்கடி வந்த வீட்டில் முதல் சில நாள்களில் "இனிமேல் எனக்குச் சாமியே கிடையாது" என்ற வாக்கியம் வாய்க்கு வரும். சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. தீர்மானமாக மட்டும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். சாமான்களைத் தூக்கி எறியாதீர்கள், யாரிடமும் சத்தியம் செய்யாதீர்கள். பத்து நாள் தூங்காத கண்ணோடு நிலத்தை விற்கலாமா? அதே போலத்தான் இதுவும். சாவு இல்லாத நெருக்கடிக்கு, அதாவது வேலை போனது, பிள்ளை நாட்டை விட்டு ஓடியது போன்றவற்றுக்குப் பஞ்சாங்கத்தில் தீட்டு கிடையாது. நீங்களே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருக்காரியிடம் நான் அமாவாசை வரை என்றேன்.

அடுத்தது நேர்த்திக்கடன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். என் அனுபவத்தில் துக்கத்தைவிட முறிந்துபோன பேரம்தான் நம்பிக்கையை அதிகம் உடைக்கிறது. அவர் மூச்சுத் திணறிய இரவில் நான் பால்குடம் நேர்ந்தேன், மொட்டை நேர்ந்தேன், காதில் கிடந்த தோட்டையும் நேர்ந்தேன். விலை பேசியாயிற்று, சரக்கு வரவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபம் வராமல் என்ன செய்யும்?

என் அப்பா இந்தக் கணக்கை வேறு மாதிரி வைத்திருந்தார். 1987இல் தம்பிக்கு டைஃபாய்டு. அப்பா ஒரு 75 கியாட் நோட்டை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்தார். எங்களுக்கு அது பெரிய பணம். தம்பி தேறி எழுந்தான். உண்டியலில் சேர்ப்பதற்குள் செப்டம்பர் 5 வந்தது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. (அதே மாதம் 45, 90 என்று புதிய நோட்டுகள் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஆட்சியாளருக்கு ஒன்பதுதான் ராசி என்று ஊர் பேசிக்கொண்டது.) அப்பா அந்தச் செல்லாத நோட்டையே கொண்டுபோய் உண்டியலில் போட்டார். அம்மா பதறியதற்கு, "நான் முடிந்த அன்று இது செல்லுகிற நோட்டு. கொடுப்பது என் வேலை, மாற்றிக்கொள்வது அவன் பாடு" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

ஆகவே பதற்றத்தில் எதையும் நேராதீர்கள். நேராமல் இருக்க முடியாது என்றால், கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்களால் செய்ய முடிந்த ஒன்றை நேருங்கள். பத்துப் பேருக்குச் சோறு போதும். 'கிடைத்தால்' என்ற சொல் வாக்கில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

சண்டை போடுங்கள். இது எனக்குப் பிடித்த பகுதி. பக்தி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்வது என நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சுந்தரர் கதையைச் சொல்வேன். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூருக்கு ஒற்றைக் கண்ணோடு வந்து நின்று, உம்முடைய ஆட்கள் இப்படித் தவித்துக்கொண்டிருக்க நீர் மட்டும் 'வாழ்ந்து போதீரே' என்று பாடுகிறார். நன்றாக இரும் ஐயா என்று நாம் ஆத்திரத்தில் சொல்வோமே, அதே தொனி. பிழை செய்தவர் அவர்தான், வைகிறவரும் அவரே. அந்தப் பதிகத்தைத் தள்ளிவைக்கவில்லை, திருமுறையில் சேர்த்துக் கோயிலில் பாடுகிறோம். இவ்வளவு கோபமான பாட்டின் தொடக்கமோ 'மீளா அடிமை'. உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வையத் தொடங்குகிறார்.

எப்படிச் சண்டை போடுவது? வாய்விட்டு, தமிழில், அவன் முன்னாலேயே. மனசுக்குள் முனகினால் அது புழுங்கி நாறும். அக்கம்பக்கத்தாரிடம் சொன்னால் புறணியாகிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் பார்த்துக் கேளுங்கள். என்னுடைய படமோ சுவரைப் பார்த்திருந்தது. அதனால் நான் படத்தின் முதுகில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் கேட்டேன். எட்டு நாள் கேட்டேன்.

காரணம் சொல்ல வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். முற்பிறவி வினை, கண்ணேறு, வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது, குலதெய்வத்துக்குப் படையல் போடவில்லை என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவருவார்கள். டீயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணியை நெருங்கும் நேரத்தில் சகாயிங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரம்ஜான் மாதத்தின் கடைசி வெள்ளி அது. தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. மாண்டலேயில் ஒரு மடத்தில் பிக்குகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது கட்டடம் சரிந்தது. அவர்களுக்குப் பக்தி குறைவு என்று யாராவது என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும். நம்பிக்கை மழைக்குப் பிடிக்கிற குடை என்றால் அன்றைக்கே அது கிழிந்துவிட்டது. எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நான் விளக்கேற்றுவது பதில் கிடைத்ததற்காக அல்ல. கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளையும் இல்லை என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் எங்கள் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, குடிதண்ணீருக்கு அலைச்சல், ஐராவதி ஆற்று டெல்டாவில் ஊர் ஊராக அழிந்தது. அப்போது என் நம்பிக்கை அசையவே இல்லை. எல்லோருக்கும் கூரை போயிருந்தது, எல்லோரும் சேர்ந்து மரம் வெட்டினோம், கோயில் அடுப்பில் பர்மாக்காரர்களும் நாங்களும் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினோம். தனியாக விழுகிற அடிதான் "ஏன் எனக்கு?" என்று கேட்க வைக்கிறது. அதனால் முடிந்தவரை தனியாக அடிபடாதீர்கள். 2021இல் என் வீட்டுக்காரர் போன இரவே சிலிண்டரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பின்தெருவில் மஞ்சள் துணி தொங்கிய ஒரு பர்மிய வீட்டுக்கு நானும் என் மைத்துனரும் உருட்டிக்கொண்டு போனோம். புண்ணியம் என்றெல்லாம் நினைத்துச் செய்யவில்லை, அது வீட்டில் இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பாட்டி அதற்குப் பிறகு மூன்று வாரம் காலையில் எனக்கு மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பேசமாட்டார், வைத்துவிட்டுப் போவார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திரும்பி வருவது எப்படி என்று கேட்பீர்கள். சின்னதாக வாருங்கள். எனக்கு ஒரு தரிசனமும் கிட்டவில்லை. பதினேழாம் நாள் ஒட்டடை அடித்தேன். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி ஓடியது. படத்தை எடுத்துத் துடைத்தேன், மறுபடி மாட்டும்போது நேராக மாட்டிவிட்டேன். கையில் துடைப்பம் இருந்தது, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "பேசமாட்டேன். பார்த்துக்கொண்டிரு" என்றேன். அன்று விளக்கு ஏற்றவில்லை. இரண்டு நாள் கழித்து ஏற்றினேன்.

விளக்குக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்பு காலையும் மாலையும் இரண்டு திரி, நிறைய எண்ணெய். 2022இல் பாமாயிலுக்கே வரிசையில் நின்றபோது ஒரு திரி, ஒரு தேக்கரண்டி, மாலையில் மட்டும் என்று ஆக்கினேன். அது பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். இருக்கட்டும். சஷ்டிக் கவசம் முழுவதும் சொல்ல முடியாதவர்கள் ஒரு வரி சொல்லுங்கள், அதுவும் வராவிட்டால் திருநீறு பூசிக்கொண்டு சும்மா உட்காருங்கள். பெரிதாக வேண்டிக்கொண்டு நாலாம் நாள் விட்டுவிடுவதைவிட இந்த ஒரு தேக்கரண்டி நெடுநாள் வருகிறது. கோயிலுக்கு அவசரப்பட்டுப் போகவேண்டாம். கூட்டத்தில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களைத் தாங்க உடம்பில் தெம்பு வந்த பிறகு போனால் போதும். நான் ஏழு மாதம் கழித்துப் போய்க் கடைசித் தூணருகே நின்றுவிட்டு வந்தேன்.

பிள்ளைகளை இழுக்காதீர்கள். என் மகன் இப்போது தாய்லாந்தில் இருக்கிறான், சாமி கும்பிடுவதில்லை. அப்பா போன இரவில் சிலிண்டருக்காக ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியவன் அவன்தான். அவன் விடுமுறை எவ்வளவு நீளம் என்று நான் கேட்பதில்லை. தொலைபேசியில் பேசும்போது அவனாகவே சில நாள் "விளக்கேற்றிவிட்டீர்களா அம்மா?" என்கிறான்.

தெருக்காரியின் மகன் போன மாதம் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்திருக்கிறது. அமாவாசை தாண்டிவிட்டது. அவள் இன்னும் விளக்கேற்றவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாலையில் என் வீட்டுக்கு வந்து நான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முருகனை ஒரு வார்த்தை நன்றாக வைதாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்தப் பால்குடம் விஷயம் மட்டும் எனக்கும் அவனுக்கும் இன்னும் தீரவில்லை. ஆள் பிழைக்கவில்லை, ஆகவே கடன் இல்லை என்பது என் கட்சி. தோட்டைக் கழற்றப்போவதில்லை, மொட்டையும் அடிக்கப்போவதில்லை. இருந்தாலும் தைப்பூசம் வருகிறதே என்று பால்காரரிடம் ஒரு குடத்துக்கு என்ன விலை ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வாங்குவதாக இல்லை. விலை தெரிந்திருக்கட்டும் என்றுதான்.