மீனை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள்: நிரல் எழுதாமல் அட்வென்ட் ஆஃப் கோட் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015-லிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் எரிக் வாஸ்டல் வெளியிடும் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற இணைய நிரலாக்கப் புதிர்களைப் பைத்தான் மாதிரி ஒரு நிரல் மொழியில்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. புதிர் கேட்பது ஒரு விடை, பெரும்பாலும் ஒரே ஒரு எண். அதை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் நைம், ஆல்டரிக்ஸ் மாதிரி பெட்டிகளை இழுத்துப்போட்டுக் கோடு இழுத்து இணைக்கிற தரவுக் கருவிகளிலும் பலர் இதைப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். இந்தக் கருவிகளில் விடை தப்பாக வந்தால் நாம் மணிக்கணக்காக நம் தர்க்கத்தையே குடைந்துகொண்டிருப்போம், ஆனால் தப்பு வேறெங்கோ இருக்கும். எங்கே என்று காட்ட எனக்கு ஒரு புதிரே போதும்: 2021 டிசம்பர் 6-ஆம் தேதி வந்த மீன் புதிர்.

கதை இதுதான். ஒவ்வொரு மீனிடமும் ஒரு எண் இருக்கிறது, தினமும் அது ஒன்று குறையும். 0-க்கு வந்த மீன் மறுநாள் 6-க்குத் திரும்பும், கூடவே 8 என்ற எண்ணோடு ஒரு புதுக் குட்டி பிறக்கும். 80 நாளில் எத்தனை மீன் என்பது முதல் பகுதி, 256 நாளில் எத்தனை என்பது இரண்டாம் பகுதி. புதிரோடு தரும் மாதிரியில் ஐந்து மீன்கள்: 3, 4, 3, 1, 2.

முதல் தவறு கோப்பைத் திறக்கும்போதே நடந்துவிடும். உங்களுக்கென்று தனியாக வரும் உள்ளீடு ஒரே வரி, காற்புள்ளி போட்டுப் பிரித்த சில நூறு எண்கள். இந்தக் கருவிகள் அலுவலகத் தரவுக்காகச் செய்யப்பட்டவை, அதனால் முதல் வரியில் தலைப்புகள்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே இருப்பதே ஒரு வரி, அது தலைப்பாகப் போய்விட்டால் டேபிளில் ஒன்றும் மிஞ்சாது. சரி, அந்த டிக்கை எடுத்துவிட்டு, காற்புள்ளியில் பிரிக்காதே என்றும் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆல்டரிக்ஸில் இப்படிப் படிக்கும்போது ஒரு புலத்தின் (நெடுவரிசையின்) நீளம் இயல்பாக 254 எழுத்துதான், மீதி வெட்டப்பட்டுவிடும். மாதிரி உள்ளீடு ஒன்பதே எழுத்து என்பதால் அதற்குச் சரியான விடை வரும், உங்கள் சொந்த உள்ளீட்டுக்கு மட்டும் வராது. அந்த நீளத்தைப் பல ஆயிரமாக மாற்றிவைப்பதுதான் நான் டிசம்பர் 1-ஆம் தேதி செய்கிற முதல் வேலை. நைமில் வரிவரியாகப் படிக்கும் லைன் ரீடர் நோடை (நைமில் பெட்டிக்கு நோடு என்று பெயர்) எடுங்கள், ஆனால் வெற்று வரிகளைத் தாண்டிப்போகச் சொல்லும் டிக்கைப் போட்டுவிடாதீர்கள்: 2022-இன் முதல் நாள் புதிரில் கதையில் வரும் ஒரு குட்டிச்சாத்தானின் (எல்ஃப்) மூட்டை எங்கே முடிகிறது என்று சொல்வதே அந்த வெற்று வரிதான். அதே வருடம் ஐந்தாம் நாள் பெட்டி அடுக்கும் புதிரில் வரியின் தொடக்கத்தில் இருக்கிற இடைவெளிகளும் தரவுதான், அவற்றைச் சுத்தம் செய்தால் அடுக்குகள் இடம் மாறிப்போகும்.

அடுத்த தவறுதான் பெரியது, மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள் என்றே சொல்வேன். பைத்தானில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு அதைப் பெட்டிகளாக மொழிபெயர்ப்பது. ஒரு மீனுக்கு ஒரு வரி, ஒரு நாளைக்கு ஒரு சுற்று, குட்டி பிறந்தால் இன்னொரு வரி. முதல் பகுதியில் இது ஓடும், மாதிரியின் விடை 5934 என்பதால் கருவி அசராது. இரண்டாம் பகுதியில் அதே ஐந்து மீன்கள் 26984457539 ஆகின்றன, அதாவது 2698 கோடிக்கு மேல், அத்தனை வரிகளை உங்கள் மடிக்கணினி தாங்காது. இங்கே நிறுத்தி, இந்தக் கருவிக்கு என்ன நன்றாக வரும் என்று கேட்டுப்பாருங்கள். ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து எண்ணுவது, அதாவது க்ரூப்-பை. 3 என்ற எண்ணுள்ள எல்லா மீன்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கத் தேவையே இல்லை. எண், எத்தனை மீன் என்று இரண்டே நெடுவரிசைகள், 0 முதல் 8 வரை ஒன்பதே வரிகள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணில் ஒன்றைக் குறையுங்கள், -1 ஆன வரியை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கு 6 என்றும் இன்னொன்றுக்கு 8 என்றும் போடுங்கள், பிறகு எண் வாரியாகக் கூட்டுங்கள். 256 சுற்று முடிந்தாலும் டேபிளில் ஒன்பது வரிக்கு மேல் இருக்காது. முதன்முறை இது ஓடி முடிந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இவ்வளவு செய்தும் விடை தப்பாக வரலாம். ஒரே வேலையைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பச் செய்யும் ஆல்டரிக்ஸின் இட்டரேட்டிவ் மேக்ரோவில் சுற்றுகளின் உச்சவரம்பு இயல்பாக 100. 80 நாளுக்குப் போதும், 256 நாளுக்குப் போதாது. அப்புறம் எண்ணின் வகை: 32 பிட் முழு எண்ணில் 2147483647-க்கு மேல் கொள்ளாது, 2698 கோடி அதில் எப்படி அடங்கும்? 64 பிட்டுக்கு மாற்றுங்கள். தசம வகையில் விட்டுவைத்தால் இந்தப் புதிருக்குத் தப்பித்துவிடுவீர்கள், ஆனால் 9007199254740992-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறத் தொடங்கும், கடைசி வாரப் புதிர்கள் சில அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகக்கூடியவை.

கட்டம் கட்டமாக வரும் புதிர்கள் தனி ரகம். பார்க்கக் கட்டமாக இருக்கிறதே என்று டேபிளையும் அப்படியே வைத்துக்கொண்டால் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க நாற்பது நெடுவரிசைக்கு நாற்பது ஃபார்முலா எழுத வேண்டிவரும். வரிசை எண், நெடுவரிசை எண், எழுத்து என்று மூன்றே புலங்களாக நீளவாக்கில் பிரித்துவிடுங்கள். வலப்பக்க அண்டை வேண்டுமா, நெடுவரிசை எண்ணில் ஒன்றைக் கூட்டி அதே டேபிளோடு ஜாயின் போடுங்கள் (பொருந்தும் வரிகளை இணையுங்கள்), அவ்வளவுதான். 2023-இன் 11-ஆம் நாளில் காலியான வரிசைகளெல்லாம் இரண்டாம் பகுதியில் பத்து லட்சம் மடங்கு விரிந்தன. கட்டத்தை நிஜமாகவே விரித்தவர்களால் ஓட்டவே முடியாது, இடங்களை எண்ணாக வைத்திருந்தால் முன்னால் எத்தனை காலி வரிசை என்று பார்த்து அதற்கேற்பக் கூட்டினால் போதும். திரும்பக் கட்டமாக்கிப் பார்க்க ஆசைப்பட்டு ஆல்டரிக்ஸில் கிராஸ் டேப் போட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள்: தலைப்புகளை அது எழுத்துவரிசையில் அடுக்கும், 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். எண்ணுக்கு முன் சுழியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். 2020-இன் முதல் நாளில் கூட்டினால் 2020 வரும் மூன்று எண்களைத் தேட வேண்டும். 200 வரியை மூன்று முறை பெருக்கினால் 80 லட்சம் வரி. இரண்டை மட்டும் இணைத்து, 2020-ஐத் தாண்டியதை வடிகட்டி, மீதம் என்ன வேண்டும் என்று கணக்கிட்டு அதன்மேல் ஜாயின் போட்டால் நொடியில் முடியும்.

புதிர் இந்திய, இலங்கை நேரப்படி காலை 10:30-க்குத் திறக்கிறது. உடனே உட்கார வேண்டும் என்ற அவசரம் இனி வேண்டாம், 2025-லிருந்து முதலில் முடிப்பவர்களுக்கான உலகளாவிய தரவரிசையும் இல்லை, புதிர்களும் பன்னிரண்டு நாளுக்குத்தான். மெதுவாகப் போடுங்கள், முதல் பகுதி முடிந்ததும் அந்த வொர்க்ஃப்ளோவை (இணைத்த பெட்டிகள் மொத்தத்தையும்) அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு இரண்டாம் பகுதியைத் தொடங்குங்கள்.

கடைசியாக, முடித்ததைப் பிறரோடு பகிரும்போது. புதிரின் உரையையும் உங்களுக்கு வந்த உள்ளீட்டையும் பகிர வேண்டாம் என்று வாஸ்டல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிரல் எழுதுபவர்கள் உள்ளீட்டுக் கோப்பை விட்டுவிட்டால் போதும், நமக்கு அப்படியில்லை. ஓட்டிமுடித்த நைம் வொர்க்ஃப்ளோ ஒவ்வொரு நோடின் தரவையும் தன்னோடு சேர்த்துச் சேமித்துவைக்கும், ஆல்டரிக்ஸில் தரவை நேரடியாக ஒட்டும் டெக்ஸ்ட் இன்புட் பெட்டியில் ஒட்டியதும் உள்ளேயே இருக்கும். அனுப்பும் முன் நோடுகளை ரீசெட் செய்யுங்கள், ஒட்டிய உள்ளீட்டை அழித்துவிட்டு நீங்களே எழுதிய நாலு வரியை அங்கே வையுங்கள்.