பயணத்தின் நடுவே ஒரு நிதானமான இயற்கை நடை: புதியவர்களுக்கான வழிமுறை

வெளியூர் போனால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் துரத்துவதிலேயே பொழுது போய்விடுகிறது. அதில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து பாருங்கள். மலையேற்றப் பழக்கம் தேவையில்லை.

படி 1: பாதை

2, 3 கிலோமீட்டர் போதும். நீளத்தைவிட ஏற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நிற்காமல் நடப்பவருக்கு. நின்று ரசித்துப் போக, இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப்பாதையைவிட, போன வழியே திரும்பும் பாதைதான் என் தேர்வு. களைத்தால் எங்கிருந்தும் திரும்பலாம். வெளிச்சம் மாறிவிடுவதால், வரும்போது அதே பாதை புதிதாகவும் தெரியும்.

படி 2: நேரம்

விடிந்த கையோடு கிளம்புவது நல்லது. பறவைகள் அதிகம் பாடும் நேரம் அது. மாலை நடையென்றால், கையை முன்னால் நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். சூரியன் மறைய ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இதற்கும் முன்பே இருட்டிவிடும்.

படி 3: பை

தண்ணீர், தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, கொஞ்சம் தின்பண்டம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 4: நடை

இதுதான் முக்கியம். முதலில் கால் வேகமாகத்தான் போகும், பழக்கம் அப்படி. அதனால் உள்ளே நுழைந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். காலடிச் சத்தம் கேட்டுப் பல பறவைகள் அடங்கியிருக்கும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பக் குரல் கொடுக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டால் தூரத்து ஒலியும் தெளிவாகக் கேட்கும். பறவைக் குரலை அடையாளம் சொல்ல மெர்லின் செயலி உதவும். ஆனால் முதலில் காது கேட்கட்டும், அப்புறம் போனை எடுக்கலாம்.

அருகில் இருப்பதையும் பாருங்கள். மரப்பட்டையில் எறும்பு வரிசை, இலையின் அடிப்பக்கம், பனி கோர்த்த சிலந்தி வலை. மழை பெய்து ஓய்ந்திருந்தால் குனிந்து மண்ணை முகருங்கள். அந்த வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் ஒரு முக்கியக் காரணம். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உருவாக்குவது. இப்படி ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர்தான் நடந்தீர்கள் என்றால், சரியாகத்தான் நடக்கிறீர்கள்.

படி 5: திரும்புதல்

பாதை முடிந்தாலும் முடியாவிட்டாலும், கையில் இருக்கும் நேரத்தில் பாதி கழிந்ததும் திரும்பிவிடுங்கள். அறைக்கு வந்ததும் கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், காலுறைக்குள் அட்டையோ உண்ணியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கடித்திருந்தால், முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.