யூட்யூப்ப பழைய டிவி மாதிரி ஓட வைக்கிறது எப்படி? எங்க அப்பாயிக்கு நான் பண்ணிக் குடுத்தது

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊரு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு கம்பமெல்லாம் சாஞ்சதுலேர்ந்து கேபிள் ஒரு நாள் வந்தா ரெண்டு நாள் வராது, போன ஐப்பசி மழைல சுத்தமா நின்னே போச்சு. சரின்னு நெட் டிவி ஒண்ணு வாங்கி, சிம் போட்ட வைஃபை டப்பா ஒண்ணு வச்சு, யூட்யூப்ப போட்டுக் காட்டிட்டு தஞ்சாவூர் திரும்பிட்டேன். நாலு நாள் கழிச்சு போன் பண்ணா அப்பாயி டிவியே போடறதில்லங்குது. ஏன்னு கேட்டா, "எதப் பாக்குறேன்னு அது எங்கிட்ட கேக்குதுடா தம்பி. டிவின்னா அதுவா வரணும், நாம ஒக்காந்து பாக்கணும்"னுச்சு.

அது சொன்னதுதான் சரி. ஏழு மணின்னா இது, ஏழரைன்னா அது, வெள்ளிக்கிழமைன்னா சினிமாப் பாட்டுக்கு ஒளியும் ஒலியும்னு இருந்து பழகினவங்களுக்கு முன்னாடி நூறு படத்த அடுக்கி வச்சு எது வேணும்னா என்ன சொல்லுவாங்க? அதனால நல்ல சேனல் தேடறது பாதி வேலைதான், அத வரிசையா வர வைக்கிறது மீதி பாதி. ரெண்டையும் எழுதறேன். டிவில யூட்யூப் திறக்கறது, அக்கவுண்ட் போடறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். ஒண்ணு மட்டும், பெரியவங்களுக்குன்னு தனி அக்கவுண்ட் போட்டுருங்க, நம்ம அக்கவுண்ட போட்டா நாம பாக்குற கிரிக்கெட்டும் மொபைல் ரிவ்யூவும் அவங்க முகப்புல வந்து நிக்கும்.

முதல்ல, டிவி மாதிரி சேனல கண்டுபுடிக்கிறது

ஒரு சேனலப் பாத்தா நான் மூணு விஷயம் பாப்பேன். எல்லா வீடியோவும் ஏறக்குறைய ஒரே நீளமா இருக்கா, ஆரம்பத்துல ஒரே இசையும் ஒரே ஆளும் வர்றாங்களா, எபிசோட் நம்பரோ கிழமையோ போட்டிருக்கா. மூணும் இருந்தா அது டிவி மாதிரி பழகிடும். ஒண்ணு 4 நிமிஷம், அடுத்தது 50 நிமிஷம், தலைப்பெல்லாம் செவப்பு எழுத்துல கத்திக்கிட்டு இருந்தா வேணாம், அப்பாயி ரெண்டாவது நாளே எழுந்து போயிடும்.

தேடும்போது ஃபில்டர்ல 20 நிமிஷத்துக்கு மேலங்கறத தட்டிடுங்க. டிவில அரை மணி நேர சீரியல்ல விளம்பரத்த எடுத்துட்டா 20, 22 நிமிஷம்தான் நிக்கும், அதனால இந்த ஃபில்டர்ல துண்டு வீடியோவெல்லாம் ஒதுங்கிடும். அதே ஃபில்டர்ல வகைங்கற எடத்துல பிளேலிஸ்ட்டுன்னும் ஒண்ணு இருக்கு, சீரியல் தேடறவங்க அதத்தான் மொதல்ல தட்டணும்.

பழைய சீரியலுக்கு நான் டிவி கம்பெனி பேரப் போட்டே தேடிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் உருப்படியா வரல. அந்தக் காலத்துல நிறைய பேரு டிவில நேரத்த வாங்கி சொந்தமா தயாரிச்சவங்க, அதனால பல சீரியல் தயாரிப்பு கம்பெனியோட சேனல்லதான் கெடக்கு. கே.பாலசந்தரோட கவிதாலயா, ராதிகாவோட ராடான், அப்புறம் விஷன் டைம் தமிழ், சரிகம டிவி ஷோஸ் தமிழ். இந்த நாலுலயே ஒரு வருஷம் ஓட்டலாம். தூர்தர்ஷனுக்கு டிடி தமிழ்னு தேடுங்க, பொதிகைன்னு இருந்தத 2024 ஜனவரில பேர மாத்திட்டாங்க, பழைய வீடியோ வேணும்னா ரெண்டு பேர்லயும் தேடிப் பாக்கணும். பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ்னு தனியா ஒரு சேனல் இருக்கு, பழைய கச்சேரியெல்லாம் அங்க பொக்கிஷம்.

புதுசா யூட்யூப்லயே பொறந்த சேனல்ல எங்க வீட்டுல நின்னது வில்லேஜ் குக்கிங் சேனல்தான். நமக்குப் பக்கத்து புதுக்கோட்டை மாவட்டம், சின்னவீரமங்கலம். 2021ல தமிழ்ல மொத மொதல்ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தொட்ட சேனல். அதே தாத்தா, அதே பேரப்பசங்க, அதே வயக்காடு, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆரம்பிச்சு ஒரே மாதிரி பந்தியில முடியும். நீளம் கம்மிதான், 20 நிமிஷ ஃபில்டர்ல சிக்காது, ஆனா ரெண்டு சீரியலுக்கு நடுவுல போட கச்சிதம். தூர்தர்ஷன்ல வெவசாய நிகழ்ச்சி வயலும் வாழ்வும் பாத்து வளந்தவங்களுக்கு பசுமை விகடன் சேனல். எங்க பெரியப்பா குறுவை நாத்து விட்ட கையோட வந்து அதத்தான் கேக்குறாரு.

(ஒண்ணு ஞாபகம் வருது. எங்க பக்கம் கடலோரம்ங்கறதால அந்தக் காலத்துல ஆன்டெனாவ திருப்பி வச்சா இலங்கை ரூபவாஹினி தெளிவா விழும். யாராவது ஒருத்தர் கூரை மேல ஏறி திருப்பணும், கீழேர்ந்து "இன்னும் செத்த, இன்னும் செத்த"ன்னு கத்தணும். அப்பாயி அதச் சொல்லிச் சொல்லி இன்னைக்கும் சந்தோஷப்படும்.)

அடுத்து வரிசை. இங்கதான் நான் மாட்டினேன்

ஒரு சேனல்ல சீரியல் பிளேலிஸ்ட் ரெடியா இருந்துது, அப்படியே ஓட விட்டுட்டு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு அப்பாயி, "செத்துப்போனவன் இன்னைக்கு கல்யாணம் பண்ணிக்கிறான்டா, எனக்கு ஒண்ணும் வெளங்கல"ங்குது. பாத்தா அந்த பிளேலிஸ்ட்ல கடைசி எபிசோட் மேல, மொத எபிசோட் அடியில. பாவம், நாலு நாளா கதைய பின்னாலேர்ந்து பாத்திருக்கு. மனசு கஷ்டமாப் போச்சு. அதுலேர்ந்து அடுத்தவங்க பிளேலிஸ்ட்ட நான் நேரா போடறதே இல்ல.

நீங்க பண்ண வேண்டியது இதான். கம்ப்யூட்டர்ல அப்பாயி அக்கவுண்ட்லயே உள்ள போய் நம்மளே ஒரு பிளேலிஸ்ட் போடணும். ஒவ்வொரு எபிசோடா சேவ் பண்ணுங்க. அப்புறம் அந்தப் பிளேலிஸ்ட்டத் திறந்தா மேல சார்ட்னு இருக்கும், அதுல வெளியான தேதி, பழசு மொதல்லங்கறத வைங்க. இதோட முடிஞ்சுதுன்னு எழுந்துடாதீங்க, ரெண்டாவது தடவ நான் விழுந்தது இங்கதான். பழைய சீரியல கம்பெனிக்காரங்க ஒரே நாள்ல 30, 40 எபிசோட் மொத்தமா ஏத்தியிருப்பாங்க, அதனால தேதிப்படி அடுக்குனாலும் 15க்கு அப்புறம் 17 வந்து 16 எங்கயோ கெடக்கும். அதனால மேனுவல்னு மாத்தி, எபிசோட் நம்பரப் பாத்துப் பாத்து கையால இழுத்து வைக்கணும். ஒரு தடவ ஒக்காந்தா போதும். பிளேலிஸ்ட் செட்டிங்ஸ்ல புது வீடியோவ மேல சேக்கறதுன்னு ஒண்ணு ஆன்ல இருந்தா அதயும் அணைச்சுருங்க.

இத போன்ல பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன். கம்ப்யூட்டர் இல்லன்னா போன்ல குரோம்ல டெஸ்க்டாப் சைட் போட்டு பண்ணலாம், கண்ணு வலிக்கும், ஆனா நடக்கும்.

கிழமை வச்சுப் பேரு போடுங்க

சீரியல் பேரப் போடாம திங்கள், செவ்வாய்னு ஏழு பிளேலிஸ்ட் போட்டேன். ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. மொதல்ல ஒரு பக்திப்பாட்டு, அப்புறம் சீரியல் ரெண்டு எபிசோட், நடுவுல சமையலோ வெவசாயமோ, வெள்ளிக்கிழமை மட்டும் முழுக்க பழைய பாட்டு. ஞாயித்துக்கிழமை காலைல அரை மணி நேரம் ஒக்காந்து பாத்து முடிச்ச எபிசோட எடுத்துட்டு புதுச வச்சுருவேன். எடுக்கலன்னா அடுத்த வாரம் திரும்ப அதுலேர்ந்தே ஆரம்பிக்கும்.

டிவில பிளேலிஸ்ட் திறக்கும்போது ஷஃபிள் பட்டனத் தட்டிடாதீங்க, இவ்வளவு அடுக்குனதும் கலைஞ்சு வரும். விளம்பரம் வராம இருக்க மாசாமாசம் காசு கட்டணுமான்னா, எங்க வீட்டுக்குத் தேவைப்படல. விளம்பரம் வந்தா அப்பாயி அடுப்பப் பாக்கப் போகும், அது அம்பது வருஷப் பழக்கம்.

தூரத்துலேர்ந்து போட்டு விடறது

டிவில யூட்யூப் செட்டிங்ஸ்ல லிங்க் வித் டிவி கோட்னு இருக்கும், அதுல ஒரு நம்பர் வரும். நம்ம போன் யூட்யூப்ல வாட்ச் ஆன் டிவிங்கற எடத்துல அந்த நம்பரப் போட்டா ரெண்டும் சேந்துரும். ஒரே வைஃபைல இருக்கணும்னு இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாயி டிவியப் போட்டு யூட்யூப்ப மட்டும் திறந்து வச்சா போதும், நான் தஞ்சாவூர்லேர்ந்து அன்னைக்குள்ள கிழமையத் தட்டி விடறேன். அதுவா வருது.

அப்டேட்: பிளேலிஸ்ட் போட்டேன், டிவில காட்டவே இல்லன்னு ரெண்டு மூணு பேரு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. வேற அக்கவுண்ட்ல போட்டு பிரைவேட்டா வச்சிருப்பீங்க. டிவில இருக்குற அதே அக்கவுண்ட்ல போடுங்க.

இன்னொரு அப்டேட்: நியூஸும் வேணும்னு ஒருத்தர் கேட்டாங்க. தந்தி டிவி, புதிய தலைமுறை, சன் நியூஸ் எல்லாம் யூட்யூப்ல நேரலையா ஓடுது. ஆனா பிளேலிஸ்ட் நடுவுல நேரலைய வச்சீங்கன்னா அது முடியாது, அடுத்ததுக்குப் போகாது. கடைசியாத்தான் வைக்கணும். அந்த நேரலையும் அப்பப்ப புது லிங்க்ல மாறிடும், அதனால சேனல சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுட்டு நேரா போட்டு விடறதுதான் நல்லது. மார்கழிக் கடைசிலயோ தைலயோ திருவையாறு தியாகராஜர் ஆராதனை வரும்போதும் இப்படித்தான், பஞ்சரத்ன கீர்த்தனை அன்னைக்கு பிளேலிஸ்ட் எதுவும் வேணாம், டிடி தமிழ் நேரலைய காலைலயே போட்டு விட்டுருங்க.

ரொம்ப நேரம் யாரும் ரிமோட்டத் தொடலன்னா, இன்னும் பாக்குறீங்களான்னு கேட்டு நின்னுடும். நடுவுல இருக்குற ஓகே பட்டன் மேல நான் ஒரு குங்குமப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன், நின்னா அதத் தட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

வியாழக்கிழமைக்கு பட்டிமன்றம் வேணுமாம். சாலமன் பாப்பையா ஐயா நடுவரா இருந்த பொங்கல், தீபாவளி பட்டிமன்றம் துண்டு துண்டாத்தான் கிடைக்குது. முழுசா, தீர்ப்போட இருக்குற பிளேலிஸ்ட் யாருக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, ஞாயித்துக்கிழமை ஒக்காரும்போது சேத்துடறேன்.